வீட்டு மின்சாரம்: யூனிட் எங்கே போகிறது?

ஒரு யூனிட்டின் அளவு

மின்கட்டணம் என்பது இரண்டு எண்களின் பெருக்கல். ஒரு கருவி என்ன வேகத்தில் மின்சாரத்தை இழுக்கிறது என்பது முதல் எண். அது எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பது இரண்டாவது எண். வேகத்தை வாட் என்ற அலகால் அளக்கிறார்கள். 1,000 வாட் கருவி ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு கிலோவாட் மணி ஆற்றல் செலவாகும். மின் அட்டையில் யூனிட் என்று எழுதப்படுவது இதுதான்.

இந்தப் பெருக்கலை மறந்துவிட்டு, கருவியின் வாட்டை மட்டும் பார்த்து அஞ்சுகிறவர்கள் பலர். 750 வாட் மிக்ஸி பெரிய செலவாளியைப் போலத் தெரியும். காலையில் சட்னியும் மதியம் மசாலாவும் அரைக்க மொத்தம் 10 நிமிடம் ஓடினால், அது எடுப்பது 0.125 யூனிட். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஓசையில்லாமல் இருக்கும் செட்-டாப் பெட்டி வெறும் 10 வாட்தான். ஆனால் 24 மணி நேரமும் உயிரோடு இருப்பதால் அது நாளொன்றுக்கு 0.24 யூனிட்டை எடுத்துவிடுகிறது. மிக்ஸியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஒரு யூனிட் எவ்வளவு பெரியது என்பதை இரண்டு வேலைகளை வைத்துப் புரிந்துகொள்ளலாம். இயற்பியல் கணக்கில் ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல். இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டால், 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் மூன்றில் உள்ள தண்ணீர் முழுவதையும் 10 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற இந்த ஆற்றல் போதும். அதே ஒரு யூனிட்டைக் கொண்டு தண்ணீரைச் சூடாக்கினால், 25 லிட்டர் கெய்சரில் உள்ள நீரின் வெப்பநிலை 34 டிகிரி மட்டுமே உயரும். ஒரு பக்கம் 36,000 லிட்டர். மறுபக்கம் 25 லிட்டர்.

வீட்டு மின்சாரத்தைப் பற்றிய அடிப்படைப் பாடம் இந்த வேறுபாட்டில் இருக்கிறது. பொருளை நகர்த்துவது மலிவு. சூடாக்குவதும் குளிர்விப்பதும் விலை உயர்ந்தவை. ஏசி, கெய்சர், குளிர்பதனப் பெட்டி, இஸ்திரிப் பெட்டி, மின்அடுப்பு ஆகியவை வெப்பத்தை உண்டாக்குகின்றன அல்லது இடம் மாற்றுகின்றன. பில் கூடினால் முதலில் பார்க்க வேண்டியவை இவை. நகர்த்தும் கருவிகளில் மின்விசிறி மட்டும் நீண்ட நேரம் ஓடுவதால் இந்த வரிசையில் சேர்ந்துகொள்கிறது.

வீட்டில் சேமிக்கும் யூனிட்டின் பலன் வீட்டோடு நிற்பதில்லை. அனல்மின் நிலையத்தில் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது; மீதி குளிர்விக்கும் நீரோடும் புகைபோக்கி வழியாகவும் போய்விடுகிறது. அப்படிக் கிடைத்த மின்சாரத்திலும் ஒரு பகுதி கம்பிகளிலும் மின்மாற்றிகளிலும் கரைகிறது. எனவே வீட்டில் குறையும் ஒரு யூனிட், நிலையத்தில் ஏறக்குறைய முக்கால் கிலோ நிலக்கரியை எரியாமல் வைக்கிறது.

கட்டணப் படிக்கட்டு

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 2016 மே மாதத்திலிருந்து முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் பயன்பாடு கூடக்கூட ஒவ்வொரு யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறும். 2022 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த விகிதத்தில் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். இந்த வரிசை மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்கு மட்டும் பொருந்தும்.

500-ஐத் தாண்டினால் கணக்கு வேறாகிவிடும். 2.25 ரூபாய்ச் சலுகை மறைந்து, 101 முதல் 400 வரை எல்லா யூனிட்டுக்கும் 4.50 ஆகிவிடும். 401 முதல் 500 வரை 6, அடுத்த 100-க்கு 8, 601 முதல் 800 வரை 9, 801 முதல் 1,000 வரை 10, அதற்கு மேல் 11 ரூபாய். சரியாக 500 யூனிட் செலவழித்த வீட்டுக்கு பில் 1,725 ரூபாய். 501 யூனிட் செலவழித்த வீட்டுக்கு 1,958 ரூபாய். அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! 2024 ஜூலையில் விகிதங்கள் சற்று உயர்ந்தன. ஆனால் இந்த அமைப்பு அப்படியே நீடித்தது.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு மிக முக்கியமானது. ஒரு வீடு சேமிக்கும் யூனிட், படிக்கட்டின் உச்சியிலிருந்துதான் முதலில் கழிகிறது. சராசரியாக யூனிட்டுக்கு ஐந்தரை ரூபாய் கட்டும் வீட்டில் சேமிக்கப்படும் யூனிட்டின் மதிப்பு ஐந்தரை ரூபாய் இல்லை. எட்டோ ஒன்பதோ ரூபாய். எந்த மாற்றத்துக்குப் பணம் போடலாம் என்று கணக்குப் பார்க்கும்போது இந்த உச்சிப்படி விலையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மீட்டரில் துடிக்கும் சிவப்பு விளக்கு

எந்தக் கருவி எவ்வளவு இழுக்கிறது என்று அறியத் தனிக் கருவி வாங்க வேண்டிய அவசியம் இல்லை. வீட்டு வாசலில் இருக்கும் மின்னணு மீட்டரே போதும். அதன் முகப்பில் சிறிய சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டுத் துடிக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்ற எண் அச்சிடப்பட்டிருக்கும். 3,200 என்ற எண் பரவலாகக் காணப்படுகிறது. 1,600, 6,400 என்றும் இருக்கலாம்.

3,200 துடிப்பு மீட்டரில் ஒரு துடிப்பு என்பது 1,125 ஜூல். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு மின்விசிறியை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டு, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே எத்தனை வினாடி என்று கைப்பேசிக் கடிகாரத்தில் பார்க்கலாம். 15 வினாடி வந்தால், 1,125-ஐ 15-ஆல் வகுக்க 75 வாட் கிடைக்கும். பழைய வகை விசிறி இந்த அளவில்தான் இருக்கும். புதிய வகை விசிறியில் அதே இடைவெளி 37 வினாடிக்கு மேல் நீளும். அதாவது 30 வாட். ஏசி ஓடும்போது துடிப்பு ஒரு வினாடிக்குள் வந்துவிடும். அப்போது 20 துடிப்புக்கு ஆகும் நேரத்தை அளந்து 20-ஆல் வகுத்துக்கொள்வது துல்லியமானது.

இந்தச் சோதனையின் கடைசிப் படி, வீட்டில் எதுவுமே ஓடவில்லை என்று நினைக்கும் நேரத்தில் மீட்டரைப் பார்ப்பது. எல்லாம் அணைந்திருந்தும் விளக்கு துடித்துக்கொண்டிருந்தால் எங்கோ ஒரு கருவி விழித்திருக்கிறது, அல்லது வயரிங்கில் கசிவு இருக்கிறது. இரண்டாவது காரணம் உயிருக்கும் ஆபத்து என்பதால் மின்பணியாளரை உடனே அழைக்க வேண்டும்.

ஏசி: வெப்பத்தை வெளியே இறைக்கும் எந்திரம்

ஏசி குளிரை உற்பத்தி செய்வதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. இப்படி இடம் மாற்றுவதால்தான் ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு மூன்று முதல் ஐந்து யூனிட் வரை வெப்பத்தை வெளியேற்ற முடிகிறது. நட்சத்திரக் குறியீட்டுச் சீட்டில் ஐஎஸ்இஇஆர் என்று காணப்படும் எண், ஆண்டு முழுவதற்குமான இந்த விகிதம். எண் பெரிதாக இருந்தால் செலவு குறைவு.

ஒன்றரை டன் ஏசி என்பதில் டன் எடையைக் குறிப்பதில்லை. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பத்தின் வேகம் ஒரு டன். அது ஏறத்தாழ 3.5 கிலோவாட். ஆக ஒன்றரை டன் ஏசி 5.3 கிலோவாட் வேகத்தில் வெப்பத்தை வெளியேற்ற வல்லது. அதற்கு அது இழுக்கும் மின்சாரம் முழு வேகத்தில் ஒன்றரை கிலோவாட் அளவில் இருக்கும். அறை குளிர்ந்த பிறகு இன்வெர்ட்டர் வகை ஏசி தன் கம்ப்ரஸரின் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பழைய வகை முழு வேகத்தில் ஓடுவதும் நிற்பதுமாக மாறிமாறி இயங்குவதால் அதிகம் செலவழிக்கிறது.

உள்ளே வைக்கும் வெப்பநிலைக்கும் வெளியே உள்ள வெப்பநிலைக்கும் இடைவெளி கூடக்கூட எந்திரத்தின் உழைப்பும் கூடும். ரிமோட்டில் ஒரு டிகிரி ஏற்றினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் குறையும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியை இயல்பு நிலையாகக் கொண்டே வர வேண்டும் என்ற விதியும் இதன் அடிப்படையில் எழுந்தது. 18 டிகிரி வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பது தவறான எண்ணம். எந்திரத்தின் உச்ச வேகம் மாறாது; நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். 26 டிகிரியில் வைத்து மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் சுழலவிட்டால் உடலுக்கு அதைவிடக் குளிர்ந்த அறையில் இருக்கும் சுகமே கிடைக்கும்.

சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஏசிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிவது. வெளியே தொங்கும் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர் முழுவதும் அறைக் காற்றில் ஆவியாக இருந்ததுதான். அந்த ஆவியில் ஒரு லிட்டரை நீராக்க ஏறத்தாழ 0.68 யூனிட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஏசி செலவழிக்கும் மின்சாரம் 0.2 யூனிட் அளவு. கதவு திறந்து மூடும்போதெல்லாம், சன்னல் இடுக்கு வழியாகக் கசியும்போதெல்லாம் புதிய ஈரக் காற்று உள்ளே வந்து இந்த வேலையை மறுபடி தொடங்கிவைக்கிறது. கதவின் அடி இடுக்கை அடைக்கும் ஒரு ரப்பர் பட்டை இதனாலேயே மதிப்புள்ள முதலீடு. வடிகட்டி வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் கழுவுவதும், வெளிப்புறப் பெட்டியைச் சுற்றிக் காற்றோட்டம் இருக்கும்படி பார்ப்பதும் பணச் செலவில்லாத பராமரிப்பு.

மின்விசிறி: சிறிய வாட், நீண்ட நேரம்

மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. தோலில் உள்ள வியர்வையை வேகமாக ஆவியாக்கி உடலைக் குளிர்விக்கிறது. ஆள் இல்லாத அறையில் சுழலும் விசிறியால் பயன் எதுவும் இல்லை. அதன் மோட்டாரின் வெப்பம் அறையில் சேர்வதுதான் மிச்சம். அறையை விட்டு வெளியேறும்போது விசிறியை அணைக்க வேண்டியதன் காரணம் இதுவே.

பழைய வகை இண்டக்‌ஷன் மோட்டார் விசிறி 75 வாட் அளவில் இழுக்கும். நிரந்தரக் காந்தம் வைத்த பிஎல்டிசி வகை, அதே காற்றை 30 வாட்டில் தருகிறது. ஒரு விசிறி நாளுக்கு 14 மணி நேரம் ஓடும் வீட்டில் வேறுபாடு இரண்டு மாதத்துக்கு 38 யூனிட், ஆண்டுக்கு 230 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 1,380 ரூபாய். விசிறியின் விலை இரண்டு மூன்று ஆண்டுகளில் திரும்பிவிடும்; அதன் பிறகு வருவதெல்லாம் ஆதாயம். 2023 ஜனவரியிலிருந்து கூரை விசிறிகளுக்கும் நட்சத்திரக் குறியீடு கட்டாயமாகியிருக்கிறது.

சுவரில் பெரிய வட்டக் குமிழோடு இருக்கும் பழைய ரெகுலேட்டர் மின்தடையால் வேலை செய்கிறது. விசிறி மெதுவாகச் சுழலும்போது மீதி மின்சாரத்தின் ஒரு பகுதியை அது வெப்பமாக வீணாக்குகிறது. தொட்டுப் பார்த்தால் சூடு தெரியும். மின்னணு ரெகுலேட்டருக்கு மாற்றினால் வேகம் குறையும்போது செலவும் உண்மையாகவே குறையும்.

குளிர்பதனப் பெட்டி

வீட்டில் ஆண்டு முழுவதும் அணைக்கப்படாத பெரிய கருவி இது ஒன்றுதான். ஆகவே வாங்கும் நாளில் எடுக்கும் முடிவு பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பில்லில் தொடர்கிறது. நட்சத்திரச் சீட்டில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்பது அச்சிடப்பட்டிருக்கும். நட்சத்திரங்களை எண்ணுவதைவிட அந்த எண்ணை ஒப்பிடுவது மேல். அளவுகோல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடுமையாக்கப்படுவதால், பழைய ஐந்து நட்சத்திரப் பெட்டி புதிய அளவுகோலில் மூன்று நட்சத்திரத்துக்கு இறங்கிவிடலாம். புதுப் பெட்டி வாங்கிய பிறகு பழையதைக் கூடத்தில் ஓடவிடுவது, சேமிப்பு முழுவதையும் இழக்கும் வழி.

கதவின் ரப்பர் வளையம் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு காகிதத் துண்டு போதும். கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் தடை இருக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் வளையம் தளர்ந்துவிட்டது. பெட்டியின் முதுகுக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடம் வேண்டும். அடுப்புக்கு அருகிலும் வெயில் படும் சன்னலுக்கு எதிரிலும் வைக்கக் கூடாது. சூடான சாம்பாரை ஆறவைத்து மூடி வைப்பதற்கும் இதே காரணம்: அந்த வெப்பத்தை வெளியேற்றும் வேலை கம்ப்ரஸரின் தலையில் விழும். தானாகப் பனி நீக்காத பெட்டியில் பனி தடித்துப் படிந்தால் அது போர்வைபோல் வெப்பத்தைத் தடுக்கும். அவ்வப்போது நீக்க வேண்டும்.

வெந்நீர்

சூடேற்றும் கம்பியால் நீரைச் சூடாக்கும் எந்த மின்கருவியும் ஏறக்குறைய நூறு சதவீதத் திறனோடுதான் வேலை செய்கிறது. ஆகவே இங்கே திறனைக் கூட்டிச் சேமிக்க வழியில்லை. கெய்சரின் நட்சத்திரம், சூடான நீர் தொட்டிக்குள் நிற்கும்போது இழக்கும் வெப்பம் எவ்வளவு குறைவு என்பதைத்தான் சொல்கிறது. சேமிக்க உள்ள வழிகள் மூன்று: நீரைக் குறைப்பது, சூட்டைக் குறைப்பது, வெப்பத்தை வேறிடத்திலிருந்து பெறுவது.

15 லிட்டர் வாளித் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 42-க்கு ஏற்ற 0.26 யூனிட் போதும். 25 லிட்டர் கெய்சரை 57 டிகிரிக்குச் சூடாக்க 0.87 யூனிட் ஆகும். ஒருவர் குளித்துவிட்டு மீதியை விட்டுவிட்டால், மிஞ்சிய சூடு மாலைக்குள் ஆறிப்போகும். எனவே குடும்பத்தில் எல்லோரும் அடுத்தடுத்துக் குளிப்பதும், தேவைக்குச் சற்று முன் மட்டும் கெய்சரைப் போடுவதும், வெப்பநிலைத் திருகை 50 டிகிரி அருகில் வைப்பதும் பலன் தரும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீர் உள்ள ஊர்களில் சூடேற்றும் கம்பியில் சுண்ணாம்புப் படிவு தடித்துச் சூடேற நேரம் பிடிக்கும். கம்பியும் விரைவில் எரிந்துபோகும். ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்வது நல்லது.

மூன்றாவது வழிக்குத் தமிழ்நாட்டின் வெயில் பொருத்தமானது. மொட்டைமாடியில் வைக்கும் சூரிய வெந்நீர்க் கலன், வெயில் உள்ள நாட்களில் மின்சாரமே இல்லாமல் வேலையை முடித்துவிடும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் ஆண்டு முழுவதும் வெந்நீர் தேவைப்படுவதால் அங்கே அதன் பயன் இன்னும் பெரிது.

விளக்கு

பழைய குண்டு பல்பு தான் எடுக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கையே ஒளியாக்கியது, மீதி வெப்பம். 60 வாட் குண்டு பல்பின் ஒளியை இன்று 9 வாட் எல்இடி தருகிறது. வெள்ளை ஒளிக்குத் தேவைப்பட்டும் கிடைக்காமல் இருந்தது நீல எல்இடிதான். அதைச் செய்துகாட்டிய இசாமு அகசாகி, ஹிரோஷி அமனோ, சுஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கண்டுபிடிப்பு இந்திய வீடுகளுக்கு மலிவாக வந்து சேர 2015 ஜனவரியில் தொடங்கிய மத்திய அரசின் உஜாலா திட்டம் பெரிதும் உதவியது. ஒரு பல்பின் கொள்முதல் விலை 2014-ல் 310 ரூபாயாக இருந்தது. மொத்தக் கொள்முதலால் அது 2016-ல் 38 ரூபாய்க்கு இறங்கியது.

செம்புச் சோக்கு வைத்த பழைய டியூப்லைட் இன்னும் ஓடும் வீடுகளில் ஒரு சேமிப்பு காத்திருக்கிறது. குழாய் 40 வாட், சோக்கு 12 வாட், ஆக 52 வாட். எல்இடி டியூப் 20 வாட். நான்கு விளக்குகள் நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 38 யூனிட் குறையும்.

தண்ணீர் மோட்டார்

1 குதிரைத்திறன் என்பது 746 வாட். 60 மீட்டர் ஆழத்திலிருந்து 1,000 லிட்டர் நீரை மேலே கொண்டுவர இயற்பியல் கேட்பது 0.16 யூனிட்தான். மோட்டார், பம்பு, குழாய் உராய்வு ஆகியவற்றின் இழப்பால் நடைமுறையில் அது அரை யூனிட்டைத் தொடும். கழிப்பறைத் தொட்டியில் ஓயாமல் கசியும் நீரும், தொட்டி நிரம்பிய பிறகு வழிந்தோடும் நீரும் மின்சாரக் கசிவே. தொட்டி நிரம்பினால் தானாக நிற்கும் மிதவைச் சுவிட்சு, தண்ணீரையும் யூனிட்டையும் ஒருசேரக் காக்கும். முன்பு 20 நிமிடத்தில் நிரம்பிய தொட்டிக்கு இப்போது 35 நிமிடம் ஆகிறது என்றால் ஃபுட்வால்வு, கெபாசிட்டர், நீர்மட்டம் மூன்றில் ஒன்றில் கோளாறு.

உறங்காத கருவிகள்

ரிமோட்டால் அணைத்த தொலைக்காட்சி முழுமையாக அணைவதில்லை. அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கிறது. இந்தக் காத்திருப்புச் செலவைக் கருவி ஒன்றுக்கு 1 வாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று பன்னாட்டு எரிசக்தி முகமை 1999-ல் முன்வைத்தது. புதிய தொலைக்காட்சிகள் பெரும்பாலும் அந்த எல்லைக்குள் வந்துவிட்டன. செட்-டாப் பெட்டி, ஸ்டெபிலைசர், சார்ஜான பிறகும் இணைப்பில் இருக்கும் மின்தடைக்கால இன்வெர்ட்டர் போன்றவை அப்படி இல்லை. 10 வாட் ஒன்று இரண்டு மாதம் இடைவிடாமல் ஓடினால் 14.4 யூனிட். தொலைக்காட்சியையும் செட்-டாப் பெட்டியையும் சேர்த்து ஒரே பலகையில் செருகி, தூங்கப் போகும்போது அந்தச் சுவிட்சை அணைத்துவிட்டால் போதும்.

அடுப்பு

14.2 கிலோ எரிவாயு உருளையில் ஏறத்தாழ 180 யூனிட்டுக்கு இணையான வெப்பம் அடங்கியிருக்கிறது. நல்ல அடுப்பு அதில் 70 சதவீதம் வரை பாத்திரத்துக்குக் கொண்டுசேர்க்கும். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் பர்னர் துளைகள் அடைபட்டு எரிவாயு முழுமையாக எரியவில்லை என்று பொருள்.

தண்ணீர் கொதிநிலையைத் தொட்ட பிறகு தீயைக் கூட்டினாலும் அதன் வெப்பநிலை உயராது. ஆவியாவது மட்டும் வேகமாகும். எனவே கொதி வந்ததும் தீயைத் தணிப்பதால் சமையல் தாமதமாகாது. பிரஷர் குக்கர் அழுத்தத்தைக் கூட்டிக் கொதிநிலையை 120 டிகிரி அருகே உயர்த்துவதால் பருப்பு வேகும் நேரம் பாதிக்கும் கீழே இறங்குகிறது. கொண்டைக்கடலையை இரவே ஊறவைப்பது, பாத்திரத்தை மூடிவைப்பது என்ற பாட்டிமார் வழக்கங்கள் வெப்ப இயற்பியலோடு பொருந்துபவை.

கூரையும் சன்னலும்

உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1,000 வாட் வெப்பத்தைக் கொட்டுகிறது. 1,000 சதுர அடி மொட்டைமாடிக்கு அது 93 கிலோவாட். வெறும் கான்கிரீட் அதில் பெரும்பகுதியை விழுங்கி, மெல்ல உள்ளே கடத்தி, இரவு பத்து மணிக்கு மேலும் படுக்கையறைக்குள் வெப்பத்தை உமிழ்கிறது. மேல்மாடி வீடுகளில் ஏசி நள்ளிரவு வரை ஓய்வில்லாமல் ஓடுவதற்குக் காரணம் இதுதான்.

மாடியில் சுண்ணாம்போ வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பூச்சோ அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். இது மலிவானது, மின்சாரமே வேண்டாதது. பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை இந்த அறிவோடு கட்டப்பட்டது. தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லை நிறுத்திவைத்து அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தடித்த அடுக்கைத் தட்டிக் கெட்டித்து, மேலே தட்டோடு பதித்தார்கள். அதன் தடிமனும் உள்ளிருக்கும் காற்றுத் துளைகளும் வெப்பத்தை நெடுநேரம் தாமதப்படுத்தின.

கூரைக்கு அடுத்தது மேற்குச் சுவர். மாலை வெயில் தாழ்வாக வருவதால் சன்னல் மேல் உள்ள சிமெண்டுச் சாய்ப்பு அதைத் தடுக்காது. சன்னலுக்கு வெளியே கட்டும் மூங்கில் தட்டியோ, மேற்கே நிற்கும் வேம்போ புங்கமோ தடுக்கும். உள்ளே தொங்கும் திரை, வெயில் கண்ணாடியைக் கடந்து வந்த பிறகே அதைச் சந்திப்பதால் பயன் பாதிதான். சேலம், திருச்சி, மதுரை போன்ற வறண்ட காற்றுள்ள ஊர்களில் ஈரமாக்கிய வெட்டிவேர்த் தட்டியும் ஏர்கூலரும் கோடையில் நன்றாக வேலை செய்யும். கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் அவை அதே பலனைத் தருவதில்லை.

ஒரு வீட்டின் கணக்கு

மாற்றங்களின் எடையை அறிய, கோடையின் இரண்டு மாதங்களுக்கு ஒரு மாதிரி வீட்டை எடுத்துக்கொள்ளலாம். 22 டிகிரியில் நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடும் ஏசி 360 யூனிட், மூன்று பழைய விசிறிகள் 189, நான்கு பழைய டியூப்லைட்டுகள் 62, குளிர்பதனப் பெட்டி 50, தொலைக்காட்சியும் செட்-டாப் பெட்டியும் 38, தண்ணீர் மோட்டார் 30, கிரைண்டர், மிக்ஸி, இஸ்திரி, துணி துவைக்கும் எந்திரம் எல்லாம் சேர்ந்து 25. மொத்தம் 754 யூனிட். 2022 விகிதத்தில் பில் 4,136 ரூபாய். சராசரியாக யூனிட்டுக்கு ஐந்தரை ரூபாய்.

இந்த வீட்டில் நான்கு மாற்றங்கள் செய்யப்படுகின்றன. ஏசியை 26 டிகிரிக்கு உயர்த்தி, விடியற்காலையில் ஒரு மணி நேரம் முன்பே நிற்கும்படி டைமர் வைத்தால் 132 யூனிட் குறைகிறது. விசிறிகளை மாற்றினால் 113. டியூப்லைட்டுகளை மாற்றினால் 38. தொலைக்காட்சி பார்க்காத நேரமெல்லாம் செட்-டாப் பெட்டியைச் சுவிட்சில் அணைத்தால் 11. மொத்தம் 294 யூனிட் குறைந்து, பயன்பாடு 460-ல் நிற்கிறது. 500-க்குக் கீழே இறங்கிவிட்டதால் பில் 1,485 ரூபாய்.

யூனிட் குறைந்தது 39 சதவீதம். கட்டணம் குறைந்தது 64 சதவீதம். சேமித்த ஒவ்வொரு யூனிட்டும் 9 ரூபாய் மதிப்புப் பெற்றிருக்கிறது. இந்தக் குறைப்பில் யாரும் வியர்வையில் புழுங்கவில்லை, இருட்டில் உட்காரவில்லை. கிரைண்டரையும் மிக்ஸியையும் யாரும் தொடவே இல்லை. அவற்றைப் பாதியாகக் குறைத்திருந்தாலும் 12 யூனிட்டுக்கு மேல் கிடைத்திருக்காது.

சூரியத் தகடு எப்போது?

1 கிலோவாட் சூரியத் தகடு தமிழ்நாட்டில் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் தரும். அதற்கு நிழல் விழாத 10 சதுர மீட்டர் மாடி இடம் வேண்டும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. தகடு தரும் யூனிட்டும் படிக்கட்டின் உச்சியிலிருந்தே கழிவதால், 500-க்கு மேல் செலவழிக்கும் வீடுகளுக்கு ஆதாயம் அதிகம். 200 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு முதலீடு திரும்ப மிக நீண்ட காலம் ஆகும்.

வரிசையும் முக்கியம். மேலே கண்ட மாதிரி வீடு மாற்றங்களுக்கு முன் தகடு வைத்தால் 754 யூனிட்டை ஏறக்குறைய ஈடுகட்ட 3 கிலோவாட் வேண்டும். மாற்றங்களுக்குப் பின் 2 கிலோவாட் போதும். முதலில் மீட்டரைப் பார்த்து எந்தக் கருவி எவ்வளவு எடுக்கிறது என்று அறிவது, பிறகு பணச் செலவில்லாத பழக்கங்களை மாற்றுவது, அடுத்து கூரைக்கு வெள்ளைப் பூச்சு, பின்னர் விசிறியும் விளக்கும், பழைய ஏசியும் குளிர்பதனப் பெட்டியும் ஆயுள் முடியும்போது திறன் மிக்கவை, கடைசியில் சூரியத் தகடு என்ற ஒழுங்கில் போகும் வீடு, ஒவ்வொரு படியிலும் அடுத்த படியின் செலவைக் குறைத்துக்கொள்கிறது.